அத்தை படத்துக்கு விழுந்த மாலை

கோலாலம்பூரில் முதன்முதலாக ஓர் ஓவியக் கூடத்துக்குப் போனபோது செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாகக் கழற்றிவிட்டது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே மார்கழி விடியற்காலை மாதிரி ஏர்கோன் குளிர். இந்த ஊரில் வெயிலுக்குக் குடையும் கட்டடத்துக்குள் ஸ்வெட்டருமாகத் திரிய வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. பளிங்குத் தரையில் உள்ளங்கால் மரத்துப்போய், ஒரு பெரிய நீலப் படத்தின் முன்னால் நான் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றுகொண்டிருந்தேன். காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவர் என் செருப்புகளைக் கையில் தூக்கிவந்து காலடியில் வைத்து, போட்டுக்கொள் என்று சைகை காட்டிச் சிரித்தார். ஐயோ, வயசான மனுஷர் என் செருப்பைத் தொட்டுவிட்டாரே என்று பதறி, அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். அவர் வெலவெலத்துப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார். நான் செய்ய வந்தது மரியாதை, அவர் கண்டது அந்நியப் பெண் ஒருத்தி கையைப் பிடிக்க வந்ததை. அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அவர் தூரத்திலிருந்தே தலையாட்டுவார்.

நான் மாயவரத்துக்காரி. கல்யாணம் கட்டி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். வீட்டுக்காரருக்குப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, பாதி நாள் அங்கேயே கிடப்பார். வீட்டில் நானும் அத்தையும்தான், அதாவது என் மாமியார். சனிக்கிழமை மத்தியானம் அத்தை பக்கத்து வீடுகளில் அரட்டைக்குப் போய்விடுவார். நான் மினிபஸ் ஏறிப் படம் பார்க்கப் போய்விடுவேன். மாயவரத்தில் படம் என்றால் மளிகைக் கடைக் காலண்டர், கோயில் சுவர், சினிமா பேனர், இவ்வளவுதான். இங்கே கடைவீடுகளின் மாடியில், வங்கிக் கட்டடத்துக் கீழ்த்தளத்தில், பங்சார் மேட்டில் என்று எங்கெங்கோ வெள்ளைச் சுவர்கள். ஒருவர் பத்திக் என்கிற மெழுகுச் சாயத் துணியில் மீன் வரைந்திருப்பார். இன்னொருவர் துருப்பிடித்த ஜிங்க் தகட்டை ஆணியடித்து மாட்டி, கீழே தன் பெயரை எழுதியிருப்பார். எங்கள் கொல்லைக் கதவில்கூட அப்படி ஒரு தகடு இருந்தது, அதை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. முதலில் எரிச்சலாக வந்தது. போகப்போக, மூக்கைச் சுளித்துக்கொண்டே நின்று பார்க்கிற சுகம் பிடித்துப்போய்விட்டது. புரியாத ஊரில் புரியாத படத்தைப் பார்க்கும்போது மட்டும் எனக்குத் தாழ்வாக இருந்ததில்லை, அங்கே நிற்கிற பாதிப் பேருக்கு அது புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கோக் வெங்கை அப்படி ஒரு திறப்பு விழாவில்தான் பார்த்தேன். கிள்ளானில் மருந்துக் கடை ஒன்றின் மாடியில் குடியிருந்து படம் வரைகிற சீனர், முப்பத்தைந்து வயசிருக்கும். பக்கத்துப் பண்டமாரான் குடியிருப்பு ஆட்கள், துறைமுகத்துச் சுமைதூக்கிகள், இவர்கள் முகங்களைத்தான் வரைவார், ஆனால் ஒரு முகமாவது முகத்தின் நிறத்தில் இருக்காது. நான் மெனக்கெட்டு ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்து, "இந்தப் படத்தின் பொருள் என்ன?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாச்சா சிஸ்டர்? கறிபாப் அங்கே இருக்கு லா," என்று சமோசா மாதிரிப் பலகாரம் இருந்த தட்டைக் காட்டினார். அவமானப்படுத்துகிறார் என்று நினைத்து ஒரு வாரம் மனசுக்குள் பொருமினேன். சாப்பாடு கேட்பதுதான் இவர்களுக்கு நலம் விசாரிப்பது என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகு, அடுத்த சனிக்கிழமை நானே போய், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். அன்றையிலிருந்து சிநேகம்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். பாசாருக்குப் போனால் மலாயில் பேரம், சீன மீன்காரரிடம் ஹொக்கியனில் சண்டை, வீட்டில் தமிழில் அதிகாரம். நல்லவர்தான். ஆனால் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "நம்ம மருமக, ஊர்க்காரி," என்பார். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு சொல் விழும்போதெல்லாம் வாசற்படியிலேயே நிற்க வைத்துப் பேசுவது போல இருக்கும் எனக்கு. அந்த வீட்டுக்காரியாக ஆகிவிட வேண்டும், வேறு ஆசையே இல்லை. கோக் வெங் தன் கண்காட்சிக்கு ஒரு தமிழ் ஆன்டியின் முகம் வேண்டும் என்றபோது, எங்கள் அத்தையை வரையுங்கள் என்று நான் முந்திக்கொண்டு சொன்னது அதற்காகத்தான். அத்தைக்குப் பெருமை சேர்த்தால் எனக்கும் அதில் ஒரு ஓரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அத்தை முதலில், "எனக்கு எதுக்குலா படம், நான் என்ன சினிமாக்காரியா?" என்றார். மறுநாள் பட்டுப்புடவை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். கோக் வெங் எங்கள் கூடத்திலேயே சட்டத்தை நிறுத்தி வரைந்தார். இருவரும் மலாயும் ஹொக்கியனும் கலந்து பேசிப் பேசிச் சிரிப்பார்கள், நான் காப்பி கலந்துகொண்டு முழித்துக்கொண்டிருப்பேன். எதிர்ச் சுவரில் மாமாவின் போட்டோ. ரயில்வேயில் இருந்தவர், நான் வருவதற்கு முன்பே காலமானவர். அத்தை தினம் காலையில் பழைய பூவை எடுத்துவிட்டுப் புது மல்லிகைச் சரம் போடுவார். மாமா போன அன்று தன் தலைப்பூவை எடுத்தவர், அப்புறம் ஒரு மொட்டுக்கூட வைத்துக்கொண்டதில்லை. கோக் வெங் அந்தப் படத்தைக் காட்டி, எதற்குப் பூ என்று கேட்டார். "பெரிய மனுஷங்களுக்குப் போடறது, மரியாதை," என்று அத்தை மலாயில் சொன்னார். அந்த அளவு மலாய் எனக்கே புரிந்தது. கோக் வெங் பயபக்தியோடு தலையாட்டினார்.

கண்காட்சித் திறப்புக்கு அத்தை மட்டுமல்ல, கிள்ளானிலிருந்து நாத்தனாரும் வந்துவிட்டார். வீட்டுக்காரரின் அக்கா, நாக்கு கொஞ்சம் காரம். மாடிப்படி ஏறும்போதே, "படம் கிடம்னு நீதான் அம்மாவக் கெளப்பி விட்டியாமே?" என்று எனக்கு ஒரு குத்து. உள்ளே நுழைந்தோம். நடுச்சுவரில் ஆளுயர அத்தை. நெற்றி நீலம், கழுத்துப் பச்சை, மூக்குக்கண்ணாடி மட்டும் அச்சு அசல். அந்தப் படத்தின் மேல் சட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் தொங்கியது, முழம் முழமாகக் கட்டின புத்தம்புது மல்லிகை மாலை.

கோக் வெங் பக்கத்தில் நின்று முகமெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். விடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்குப் போய், ஓர் ஆன்டியின் படத்துக்கு என்று சொல்லி வாங்கினாராம். பூக்கார அக்கா ஏனோ உச்சுக்கொட்டி இரக்கத்தோடு பார்த்தாராம், அதையும் சந்தோஷமாகச் சொல்கிறார். "அட பாவி!" என்றார் நாத்தனார். கூடமே திரும்பிப் பார்த்தது. "எங்கம்மா உசுரோட குத்துக்கல்லாட்டம் நிக்கிறாங்க, படத்துக்கு மாலையா? யம்மா, வாங்க போலாம். எல்லாம் இந்த ஊர்க்காரியால வந்தது!" கோக் வெங்கின் சிரிப்பு அப்படியே நின்றது. என்ன தப்பு என்று என்னைப் பார்த்தார். செத்தவர் படத்துக்குத்தான் மாலை என்பது மாயவரத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தீர்ந்தது, சனிக்கிழமையும் தீர்ந்தது, வீடும் தீர்ந்தது என்று நின்றேன்.

அத்தை மட்டும் படத்தின் கிட்டே போனார். தன் பச்சைக் கழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு எக்கி, மாலையை மெல்ல எடுத்தார், ஒரு பூகூட உதிரவில்லை. வீசி எறியப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாலை அத்தையின் கழுத்தில் இருந்தது.

"நாந்தானே சொன்னேன் அவன்கிட்ட, பெரிய மனுஷங்களுக்குப் போடறதுன்னு. புள்ள மரியாதையாத்தான் வாங்கியாந்திருக்கு. செத்தப்புறம் போட்டா எனக்குத் தெரியவா போவுது? இருக்கையிலேயே போட்டுக்கிறேன்!"

"யம்மா, நீங்க போயி பூவை..." என்று நாத்தனார் இழுத்தார். "உங்கப்பா போயி வருஷக்கணக்காச்சு. இன்னமும் அவரு பாத்துக்கிட்டிருந்தா சந்தோஷம்தான் படுவாரு," என்று அத்தை ஒரே வெட்டாக வெட்டினார். படத்துக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்று, கோக் வெங்கிடம் போட்டோ எடுக்கச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரர் வந்து கைகொடுத்தபோது என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, எனக்கும் புரிகிற மலாயில், "இது என் மருமகள், இவள் ஏற்பாடுதான் எல்லாம்," என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். ஊர்க்காரி என்கிற சொல் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோக் வெங் கறிபாப் தட்டை என்னிடம் நீட்டினார். அன்றையிலிருந்து சனிக்கிழமைகளில் அத்தையும் என்னோடு மினிபஸ் ஏறினார், கொண்டையில் கிள்ளுப் பூவோடு.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது அந்தப் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவும் அப்பா போனதிலிருந்து பூ வைக்காதவள். மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிற சம்பந்தியை வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி, கிளம்புகிற அன்று கடைத்தெருவில் மல்லிகை வாங்கிவந்து அவள் கொண்டையருகே கொண்டுபோனேன். கையைத் தட்டிவிட்டாள். "அது அந்த ஊருடி. இங்க நாலு பேர் என்ன சொல்லுவாங்க? நீ போயிடுவே, நான்தானே இருக்கணும்." அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. பூவை வாழையிலையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பையைத் திறந்தபோது வாசம் அடித்தது. அத்தை மூக்கை உறிஞ்சினார். "யாருக்கு வாங்குனது?"

"அம்மாவுக்கு."

"வச்சுக்கலயா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "அவங்களுக்குப் பதிலா நான் வச்சுக்கிறேன். வையி."

வாடிப் பழுத்த மாயவரத்து மல்லிகையை ஊசி குத்தி வைத்தேன். முன்னால் போய்ப் பார்த்தால் அத்தை. பின்னாலிருந்து பார்க்கையில், அந்த நரைத்த கொண்டையும் மெலிந்த பிடரியும் பூவுமாக, அச்சு அசல் என் அம்மா. நான் வெகுநேரம் முன்பக்கம் போகவில்லை.