பொட்டு நேராக இருக்கிறதா?

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு கமரா இருந்தது. அதைக் கண்டாலே நான் தலையைக் குனிந்துகொள்வேன். என்னோடு வேலைசெய்த அக்கா ஒருவர், உருண்டை முகக்காரி, சைக்கிளை நிறுத்தியதும் நேரே அதன் கண்ணாடியில் முகம் பார்ப்பார். கடற்காற்றிலும் தொப்பியிலும் இழுபட்ட ஒட்டுப்பொட்டை அங்கேதான் சரிசெய்வார்.

“அக்கா, உள்ளுக்கை இருந்து ஆக்கள் பாக்கினமெல்லோ?”

“பாக்கட்டும் தம்பி. சும்மா பாக்கிறவை, பொட்டு நேராய் இருக்கோ எண்டும் சொல்லலாம்தானே?”

அதையே டெனிஷில் கமராவிடமும் கேட்டார். வாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு, “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்றது ஓர் ஆண்குரல்.

அக்கா நகர்த்தினார். “இப்ப?”

“அழகு!”

மூவரும் சிரித்தோம்.

இப்போதும் எங்கே கமராவைக் கண்டாலும் என் கை தானாக நெற்றிக்குப் போகிறது. நான் பொட்டு வைப்பதே இல்லை.