பூசத்துக்கு முதல் நாள் பிடித்த நேரம்

முருகனடியார்களே, என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷம். பினாங்குக் கடற்கரையோரம், கிட்டங்கி என்று நாங்கள் சொல்லும் ஒரு ரப்பர் கிடங்கில் நான் கணக்கெழுதும் கிராணி. சீமைப் பல்கலைக்கழகம் ஒன்று தபாலில் நடத்திய தொழிற்சாலை நிர்வாகப் படிப்பில் சேர்ந்திருந்தேன். ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து, வீணாகும் நேரத்தைக் குறைப்பதுதான் பாடம். பரீட்சைக்கு நானே அளந்து அறிக்கை எழுத வேண்டும். அடுத்த மேனேஜர் நான்தான் என்ற மிதப்பில் திரிந்தேன். தூ!

எங்கள் கிட்டங்கியில் பெண்கள் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அழுக்கைக் கத்தரித்து எடுப்பார்கள். கையில் கடிகாரத்தோடு அவர்கள் முன்னால் போய் நின்றேன். அன்று தைப்பூசத்துக்கு முதல் நாள். அன்றைக்கு மட்டும், கொடுத்த ஷீட் கட்டை முடித்தவர்கள் முருகனின் வெள்ளி ரதம் பார்க்கக் கிளம்பிவிடலாம். அதனால் வெற்றிலைகூடப் போடாமல், வாய் பேசாமல் பறந்தார்கள்.

அது ஒரு நாள் வேகம். எனக்குத் தெரியாதா? நானும் ரதம் பார்க்கப் போகிறவன்தானே! ஆனாலும் அதையே தினசரி வேகம் என்று எழுதினேன். கிட்டங்கி மேனேஜர் துரையிடமும் அதைக் காட்டினேன். படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். பூசம் முடிந்ததும் அந்த வேகத்தில் முடிக்காதவர்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

பத்தே நாளில், அந்தப் பெண்களில் ஒருவரான முத்தம்மா அக்கா அவசரத்தில் தன் இடது கை விரல்களையே கத்தரித்துக்கொண்டார். புண் சீழ் வைத்து, கை முழங்கை வரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவன், நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்தினேன். அக்கா பார்த்துவிட்டார்.

“நாத்தமா இருக்கா தம்பி? தள்ளி நில்லு லா. நாளைக்கும் வீக்கம் எறங்கலன்னா கைய எடுத்துருவாங்களாம்.”

புண்ணைவிட என் அறிக்கைதான் நாறியது. நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தேன். படியேறும்போதே அழுதேன். அதுவரை பரீட்சைக்காக மட்டுமே கும்பிட்டவன் நான். அன்று, “முருகா, படிப்பு போகட்டும், வேலையும் போகட்டும். அந்தக் கையை விட்டுவிடு” என்று கேட்டேன்.

கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கிட்டங்கிக்குப் போய் துரையிடம் உண்மையைச் சொன்னேன். அவசரத்தில் அழுக்கோடு போன ரப்பர் அன்று காலைதான் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்திருந்தது. அவர் கத்தித் தீர்த்துவிட்டு என்னை வேலையை விட்டு அனுப்பினார். நான் போட்ட வேகத்தையும் அன்றே எடுத்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு அந்த அறிக்கையை நான் அனுப்பவே இல்லை.

மறுநாள் வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தது. மருந்து கேட்டது என்றார் டாக்டர். மருந்தைக் கேட்க வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். கை தப்பியது. இரண்டு விரல்கள் மட்டும் இன்றும் மடங்குவதில்லை.

இப்போது ஆயர் ஈத்தாமில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறேன். அது நடந்த மறுவருஷம் பூசத்தன்று கோயில் படியில் அக்காவைப் பார்த்தேன். நான் செய்ததை எல்லாம் சொல்லி அழுதேன்.

“தெரியும் தம்பி. பூசத்துக்கு மொத நாளு நீ கடியாரத்தோட வந்து நின்னப்பவே எங்க எல்லாருக்கும் தெரியும்” என்றார். பிறகு அந்த விறைத்த விரல்களாலேயே என் கையைப் பிடித்தார். “மெதுவா ஏறு. இன்னிக்கி யாரும் நேரம் பாக்கல.”

உங்களிடமும் இப்படி ஏதாவது நாறிக்கொண்டிருந்தால், முருகன் காலடியில் கொண்டுபோய்ப் போடுங்கள். மூக்கைப் பொத்தாமல் வாங்கிக்கொள்வான்.