சரோ அக்கா கேட்டு வாங்கின வால்வு

சரோ அக்கா போய்ட்டாங்க. காலையில அவங்க மக மீனா போன் பண்ணா.

எழுபதுகள் கடைசியில மலேசியாவுல, கேமரன் மலை தேயிலை எஸ்டேட்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே கேங்ல கொழுந்து எடுத்தோம். மேடு ஏறுறப்ப பாதியில நின்னு, செடியைப் புடிச்சிக்கிட்டு மூச்சு வாங்குவாங்க. சோம்பேறின்னு கங்காணி திட்டுவாரு.

சோம்பல் இல்ல... சின்ன வயசுல வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்து வால்வைக் கெடுத்திருந்துச்சு. பக்கத்து டவுன் தானா ராத்தா ஆஸ்பத்திரியில கண்டுபுடிச்சு கேஎல்லுக்கு, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் ரெண்டு வகை வால்வு சொன்னாரு. உலோகத்துல செஞ்சது ரொம்ப வருஷம் உழைக்கும். ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை... அதோட கர்ப்பமானா தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

இன்னொன்னு பன்றி இதயத்துலேர்ந்து எடுத்துப் பதப்படுத்தினது. பிள்ளை பெத்துக்கலாம். சில வருஷத்துல தேஞ்சிடும், மறுபடி நெஞ்சைத் திறக்கணும்.

வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் அழுதுட்டாரு. "உலோகமே வைங்க டாக்டர். பிள்ளை வேணாம், இவ இருந்தா போதும்."

"எனக்கு வேணும்"னாங்க அக்கா. அவ்வளவுதான்.

எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்பினா மாமியார் சண்டை... "சாமி கும்புடுற ஒடம்புல பன்னியா?"

"காட்டுப்பன்னி கறி வயித்துக்குள்ள போகலாம், நெஞ்சுக்குள்ள போகக் கூடாதா அத்தை?"

அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சிக்கிட்டே அழுதாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு, உடம்பு தேறி வேலைக்கு வந்தாங்க. ஒரு நாள் மேட்டு உச்சியிலேர்ந்து என்னைக் கூப்பிட்டு ஒரே கத்தல்... "ஏ லெச்சுமி! நிக்காம ஏறிட்டேன் லா!"

அப்புறம் மீனா பொறந்தா. முனியாண்டி அண்ணன் ஆஸ்பத்திரி வாசல்ல யார் வந்தாலும் கையைப் புடிச்சிக்கிட்டாரு.

மீனா ஸ்கூல் சேர்ந்த சமயம் அக்காவுக்குத் திரும்பவும் மூச்சு வாங்குச்சு. டாக்டர் சொன்ன மாதிரியே வால்வு தேஞ்சிடுச்சு.

கேஎல் பஸ்ஸுக்கு நிக்கிறப்ப கேட்டேன், "பயமா இருக்கா அக்கா?"

"ரொம்பப் பயமா இருக்கு லா..." மீனாவுக்கு ஜடை போட்டுக்கிட்டே சொன்னாங்க. "ஆனா திரும்பக் கேட்டாலும் அதையேதான் வைக்கச் சொல்லுவேன்."

பிள்ளைதான் பொறந்தாச்சே, அந்தத் தடவை உலோக வால்வு. அதோட இத்தனை வருஷம்... பேரப்பிள்ளைங்களையும் தூக்கி வளத்துட்டாங்க.

நாளைக்குக் காலையில மலைக்கு வரேன் அக்கா. முகத்தை ஒரு தடவை பாத்துக்கிறேன்.