மூன்றாவது புள்ளி

என் மனைவிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. அந்த மாதம் அது முற்றிப்போனது. சாப்பிட்டுக்கொண்டே எழுந்து ஜன்னலுக்குப் போவாள், வானத்தைப் பார்ப்பாள், திரும்பி வருவாள். பார்க்கிற எனக்குத்தான் எரிச்சல்.

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. எந்தச் செடி எங்கே வளர்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பவள் அவள்தான். நீர் கசியும் பாறை இடுக்கில் மட்டும், வருடத்தில் நாலே வாரம் பூக்கிற ஓர் ஊதாப் பூவுக்கு நாட்டிலேயே மூன்று புள்ளி. முப்பது வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில் அவள் வைத்தவை. இப்போது முதல் புள்ளி இருக்கும் மலையை உடைக்கக் கல்குவாரிக்காரர் அனுமதி கேட்கிறார். "இன்னும் ரெண்டு இடத்துல இருக்கே, ஒண்ணு போனா என்ன?" என்கிறது மேலிடம்.

கோப்பு மேசைக்கு வந்ததும் அந்தச் செடி ஒட்டிய பழைய தாளை எடுத்துப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது புள்ளிக்கு அவள் எடுத்த முகவரி செடியைப் பறித்த இடமே இல்லை. பறித்தவர் குடியிருந்த வீடு.

"ஒருவேளை அங்கயும் இருந்துட்டா?" என்று ஆரம்பித்தாள். அது பூக்கிற காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டினேன். அந்த வீடு இப்போது தையல் கடை. சாக்கடை ஓரம், பாழுங்கிணறு, பள்ளிக்கூடச் சுவர் என்று ஓர் இடம் விடாமல் குனிந்து பார்த்தாள்.

"அம்மாவுக்கு என்ன தொலஞ்சு போச்சு?" என்றார் தையல்காரர்.

"நிம்மதி" என்றேன். முறைத்தாள்.

வேலைக்கு ஆபத்து வருமே என்ற பயமில்லை அவளுக்கு. தன் கையால் ஒரு பூ அழியப்போகிறதே என்றுதான் துடித்தாள்.

நாலாவது வாரமும் முடிந்தது. திங்கட்கிழமை நேரே மேலதிகாரி அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் புள்ளி தப்பு. நான் வச்சது."

"ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. இப்ப எதுக்கும்மா வம்பு? மெமோ வரும்."

"வரட்டும் சார்."

புள்ளியை எடுத்தார்கள். குவாரிக் கோப்பு நின்றது. மறுநாளே மெமோவும் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெமோவும் கையுமாக வந்தவளை உட்காரச் சொல்லி டீ போட்டேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, வண்டிய எடுங்க. மலைக்குப் போகணும்."

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே! பூக்கிற காலமும் முடிஞ்சு போச்சு."

"இலையாவது இருக்கும்ல?" என்றாள். "மத்த ரெண்டு புள்ளியும் நான் வச்சதுதானே."