ஒத்த ஆளு தூக்குற வள்ளம்

அணைக்கு அந்தப் பக்கம் ரோடு, கடை, பஸ்ஸு எல்லாம். இந்தப் பக்கம் நாங்க. போடிமெட்டுல இருந்து வர்ற பஸ்ஸ விட்டு எறங்கிப் பாத்தா, தண்ணிக்கு அக்கரையில நாலஞ்சு தகரக் கூரை தெரியும். அதுல நீலத் தகரம் எங்களுது. நடந்தும் வரலாம். அணையச் சுத்திக் காட்டோரமா ஒரு மண் ரோடு போகுது. போன ஐப்பசியில, விடியக்காலம் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போன எங்க வீட்டுக்காரரை அந்த ரோட்டுலதான் யானை அடிச்சுப் போட்டுச்சு.

அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தோணல. அழுகை வரல. துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க, எப்பப் பொங்கும்னு பால் சட்டியப் பாக்குற மாதிரி. "அழுதுரு தாயி, மனசுக்குள்ள வச்சுக்காத"ன்னா ஒருத்தி. என்னத்த வச்சுக்க? உள்ள ஏதாவது இருந்தாத்தான வெளிய வர்றதுக்கு. பல்லுப் புடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்துப் போகும்ல, கிள்ளினாலும் யாரோ கன்னத்தக் கிள்ளுற மாதிரி இருக்கும், அப்படித்தான் இருந்துச்சு. சோறு தின்னேன். தூங்குனேன். மாட்ட வித்தேன். ஏலச்செடியில காஞ்சதை வெட்டிப் போட்டேன்.

வீட்டுல நானும் என் நாத்தனாவும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவரோட கூடப் பொறந்த தங்கச்சி இவ. கட்டுனவன் விட்டுட்டுப் போனதுல இருந்து எங்களோடதான் இருக்கா. என்னைவிடச் சின்னவ, வாய் மட்டும் எனக்கு மூத்தது. அண்ணன் போனதும் அந்த வாயும் அடைச்சுப் போச்சு. ஒரே அடுப்புல ஆக்கித் தின்னுட்டு ஆளுக்கொரு மூலையில சுருண்டுக்கிருவோம்.

போடியில இருக்குற என் கூடப் பொறந்த அண்ணன் விடாம போன் போட்டுக்கிட்டே இருந்தாரு. "மாடி ரூம் சும்மாதான் கெடக்கு, வந்துரு." முதல்ல முடியாதுன்னேன். ஒரு நா சரின்னுட்டேன். பிரியப்பட்டு ஒண்ணும் இல்ல, வேணாம்னு சொல்லித் தர்க்கம் பண்ணத் தெம்பு இல்ல. நாத்தனாகிட்ட இதைச் சொல்லல. அவளுக்குப் போக்கிடம் கிடையாது, அவ இங்கதான் கெடப்பா. ஆனா அந்த ரோட்டுல மட்டும் அவ ஒத்தையில நடக்கக் கூடாது. மரத்துப் போன மண்டைக்குள்ள அது ஒண்ணு மட்டும் தெளிவா இருந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னால அவளுக்கு ஒரு வள்ளம் வாங்கிக் குடுத்துறணும். படகத்தான் இங்க வள்ளம்னு சொல்றது, மலையாளத்து வார்த்தை, எங்களுக்கும் அதுதான் வாயில வரும். அது அவ ஒருத்தியாத் தூக்குற வள்ளமா இருக்கணும்.

வள்ளத்துல ஏறிப் போறதா, வள்ளத்த நம்ம தூக்கிட்டுப் போறதான்னு கேப்பீங்க. ரெண்டும்தான். மழைக்காலத்துல தண்ணி எங்க வாசப்படி வரைக்கும் வந்து நிக்கும். பங்குனி சித்திரையில அணை வத்தி, சேறு காஞ்சு வெடிச்சு, தண்ணியத் தொடவே அம்புட்டுத் தூரம் நடக்கணும். கரையிலயே போட்டுட்டு வரவும் வழியில்ல. சாயங்காலம் தண்ணிக்கு வர்ற யானை வள்ளத்தக் கண்டா சும்மா விடாது. பக்கத்து வீட்டு வள்ளம் அப்படித்தான் அப்பளமா நொறுங்குச்சு. பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்குத் தூக்கியாந்துறணும். மத்த வீட்டுல ஆம்பளைங்க நாலு பேரு தோள் குடுப்பாங்க, எங்க வீட்டுல ஏது தோளு?

வெறும் துடுப்பு மட்டும் இருந்தாலும் பத்தாது. ஆடிக் காத்துல துடுப்புப் போட்டாக் கை கழண்டுரும். மோட்டாருக்குப் பாரஸ்ட்காரங்க விடமாட்டாங்க, சத்தத்துக்கு யானை மிரளுமாம். அதனால காத்து இருக்கப்ப பாயை விரிச்சுப் போகணும், காத்து நின்னாத் துடுப்பு. ரெண்டுக்கும் தோதா, எடையும் இல்லாம ஒண்ணு வேணும்.

ரோட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டு ஓட்டம் இல்லாம மூடிட்டாங்க. அவங்க வள்ளத்த விக்கிறதாக் கேள்விப்பட்டு ரெண்டு பேரும் போனோம். மேனேஜர் கோட்டயத்துக்காரர், தமிழ் ஒரு மாதிரி பேசுவாரு. "ஆம்பளையாளு வரலையா சேச்சி?"ன்னாரு. "வரமாட்டாரு"ன்னேன். விஷயம் தெரிஞ்சவருதான் போல, வள்ளம் கெடக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு.

புல்லுல ரெண்டு வள்ளம் கவுத்துக் கெடந்துச்சு. ரெண்டும் பைபர். ரெண்டுலயும் துடுப்பும் போடலாம், பாய்மரத்த நட்டுப் பாயும் கட்டலாம். ஒண்ணு சின்னது, ஒடுக்கம். இன்னொண்ணு அதைவிட ஒரு முழம் நீளம், வயிறு அகலம். பாய் விரிச்சா வள்ளம் பக்கவாட்டுல இழுபடாம இருக்க, அடியில தண்ணிக்குள்ள எறக்குற பலகை ஒண்ணும் அதுல இருந்துச்சு. நான் நேரா சின்னதுக்குப் போனேன்.

"இதைத் தூக்கிப் பாரு புள்ள"ன்னேன் நாத்தனாகிட்ட.

நாங்க எஸ்டேட்டுல கொழுந்து மூட்டை சுமந்தவங்க. எங்களுக்குத் தராசு தலைதான். அவ துண்டச் சுருட்டிச் சும்மாடு வச்சு, கவுந்த வள்ளத்துக்குள்ள குனிஞ்சு போயி, உக்கார்ற பலகையத் தலையில ஏந்தி எந்திரிச்சுட்டா. வெளிய ரெண்டு காலு மட்டும் தெரிஞ்சுச்சு. கொஞ்ச தூரம் நடந்துட்டு வந்து எறக்கினா. சரி, இவளுக்குத் தாங்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

"இப்ப நீங்க தூக்குங்க மதினி"ன்னா.

"நான் எதுக்குடி?"

"தூக்குங்களேன்."

தூக்குனேன். எனக்குக் கழுத்துத் தேய்மானம் வேற. அவ கூடவே நடந்து வந்தா. "பலகை இடிக்குதா? கொஞ்சம் பின்னால தள்ளி ஏந்துங்க. மேட்டுல ஏறிப் பாருங்க." என்னமோ என்னையப் பொண்ணு பாக்க வந்தவ மாதிரி சுத்திச் சுத்திப் பாத்தா. எனக்கு எரிச்சலா வந்துச்சு.

தண்ணியிலயும் அதே கூத்துதான். நான் அவள ஒத்தையில துடுப்புப் போட்டுட்டு வரச் சொன்னேன். சின்னது சொன்னபடி கேட்டுச்சு, ஒரு இழுப்புக்கு நாலு முழம் போச்சு. கரைக்கு வந்தவ எறங்குன கையோட என்னைய ஏத்தி விட்டா. போயிட்டு வந்தேன். அடுத்து பாய் கட்டுனாரு மேனேஜர். பாய் விரிச்சதும் சின்னதோட குணம் மாறிப் போச்சு. காத்து ஒரு பக்கம் தள்ள, நம்ம மறுபக்கம் விளிம்புல ஏறி உக்காரணும், ஒரு கையில கயிறு, ஒரு கையில சுக்கான். ஒத்த ஆளுக்கு மூணு கை வேணும். அவ எப்படியோ சமாளிச்சா. நான் சேலை நனைஞ்சு, கவுந்துருவேன்னு நடுங்கிக்கிட்டு வந்து சேந்தேன்.

"இன்னொரு தடவை போங்க மதினி. பழகிரும்."

"எனக்கு எதுக்குடி பழகணும்?"ன்னு கத்திட்டேன்.

மேனேஜர் பொறுத்துப் பாத்துட்டு, பெரிய வள்ளத்துல எங்க ரெண்டு பேரையும் ஏத்தி விட்டாரு. அவ துடுப்பு, நான் சுக்கான். துடுப்புக்கு அது கொஞ்சம் சோம்பேறிதான், ரெண்டு மூணு தடவை இழுத்தப்புறம்தான் மனசு வந்து நகந்துச்சு. ஆனா பலகைய எறக்கிப் பாயை விரிச்சதும் ஆடாம அசையாம போச்சு. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எது வச்சாலும் தாங்கும். கரைக்கு வந்து ஆளுக்கொரு பக்கமாத் தூக்கிப் பாத்தோம். ரெண்டு பேருன்னா பாரம் தெரியல.

"இது நல்லாருக்கு, இல்லையா?"ன்னாரு மேனேஜர்.

"பெருசு வேண்டாம்"னேன் நான்.

"பெருசு வேண்டாம். ஒத்த ஆளு தூக்க முடியாது"ன்னா அவ.

மனுசன் குழம்பிட்டாரு. "நிங்கள் ரெண்டு பேரு உண்டல்லோ. பின்ன எதுக்கு ஒத்த ஆளு தூக்கணும்? சரி, யாருக்குத்தான் வள்ளம்?"

"இவளுக்கு"ன்னேன்.

"மதினிக்கு"ன்னா அவ.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம். மேனேஜர் எங்க ரெண்டு மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்துட்டு, டீ சொல்றேன்னு உள்ள போயிட்டாரு.

"நீ எங்க போற?"ன்னு கேட்டேன்.

அவ சும்மாட்டுத் துண்டப் பிரிச்சு உதறிக்கிட்டே சொன்னா. "வண்டன்மேட்டுல ஏலக்கா ஸ்டோர்ல வேலை சொல்லி வச்சிருக்கேன். காய் பொறுக்குற வேலை. தங்க எடமும் குடுக்குறாங்களாம்."

"எப்பச் சொல்லி வச்ச?"

"அண்ணன் காரியம் முடிஞ்சதுமே. வீடும் ஏலமும் உங்களுதுதான மதினி. அண்ணன் இருந்தவரைக்கும் தங்கச்சின்னு இருந்தேன். இனி எந்த உரிமையில அங்க உக்காந்து திங்கிறது? நீங்க ஒத்தையில அந்த ரோட்டுல நடக்கக் கூடாதுன்னுதான், போறதுக்கு முன்னால இதை முடிச்சுக் குடுத்துறலாம்னு பாத்தேன்."

"கோட்டிக்காரி. நான் போடிக்குப் போகப் போறேன்டி. எங்க அண்ணனுக்கு வாக்குக் குடுத்தாச்சு. வள்ளம் உனக்கு."

அவ என்னைய நிமிந்து பாத்தா. "அப்ப அந்த வீட்டுல யாரு இருக்கப் போறது? யானையா?"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த வாய் திறந்து, எங்க வீட்டுக்காரரு பேசுற மாதிரியே பேசுது. இதே குத்தல், இதே இழுவை. அவரு இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு. சிரிச்சுக்கிட்டே இருந்தவ எப்ப அழ ஆரம்பிச்சேன்னு தெரியல. ஈரச் சேலையோட புல்லுல உக்காந்து, வாய்விட்டு, அசிங்கமா, மூக்கு ஒழுக அழுதேன். அவரு செத்தது அன்னைக்குத்தான் எனக்கு வலிச்சுச்சு. அம்புட்டு வலி. இத்தனை நாளா அது எங்க கெடந்துச்சுன்னே தெரியல.

அவ என்னையத் தேத்தல. பக்கத்துல உக்காந்து அவளும் அழுதா. போடியில எங்க அண்ணன் இருக்காரு, நல்லவருதான், என்னைய நல்லாத்தான் வச்சுக்குவாரு. ஆனா எங்க வீட்டுக்காரரு சாப்பிட்டுட்டுத் தட்டுல கை கழுவுனா நான் சத்தம் போட்டதும், அதுக்கு அவரு நமட்டுச் சிரிப்புச் சிரிச்சதும் போடியில யாருக்குத் தெரியும்? அதெல்லாம் கூட இருந்து பாத்தவ உலகத்துலயே இவ ஒருத்திதான். இவள அங்கயும் என்னைய இங்கயுமா விட்டா, அவரு மொத்தமாப் போயிருவாரு.

மேனேஜர் டீயோட வந்து, எங்களப் பாத்து அங்கனயே நின்னுட்டாரு. அப்புறம் மெதுவா, "சின்னதே எடுத்துக்கோங்க சேச்சி. எடை குறைவு. யாரு வேணும்னாலும் ஒத்தையில தூக்கலாம்"னாரு.

"ஒத்தையில தூக்குறது எங்களுக்கு வேண்டாம் சார்"னு சொல்லிட்டு எந்திரிச்சேன். பெரிய வள்ளத்துக்குப் போயி ஒரு முனையப் பிடிச்சேன். நாத்தனா மூக்கச் சிந்திட்டு, முந்தானையில கையத் துடைச்சுட்டு, மெதுவாத்தான் எந்திரிச்சா. அவ வந்து அந்த முனையப் பிடிக்கிற வரைக்கும் நான் தூக்காம நின்னேன்.