முன்மொழிய மறுத்தவள்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இப்போதைய தலைவர் நிறைந்த சபையில் என்னைக் காட்டிக்கொடுத்தார். இதை எழுத உட்காரும்போது கோபம்தான் வருகிறது. அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். இருபது வருடமாக 'அண்ணை' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது, இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவரை முதலில் கண்டது லண்டனில், குரொய்டன் பக்கம், யன்னல் திறக்க முடியாத ஒரு சின்ன அறையில். அவர் அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். அன்று அவருக்கு நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் ஹோம் ஒஃபிஸின் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, இந்தப் பக்கம் அவர், இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நான். அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நல்ல சேலை கட்டிப் போவதா, கோட்டுப் போடுவதா என்று காலையில் அரை மணிநேரம் யோசித்தது கூட நினைவிருக்கிறது.

எங்கள் தொழிலில் விதிகள் கொஞ்சம்தான். எதிரில் இருப்பவர் 'நான் பயந்தேன்' என்றால் நாங்களும் ஆங்கிலத்தில் 'நான் பயந்தேன்' என்றே சொல்ல வேண்டும். 'இவர் பயந்தாராம்' என்று சொல்லக்கூடாது. ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கேட்டதெல்லாம் அந்த அறையோடு முடிந்துவிட வேண்டும். வீட்டில் புருஷனுக்கும் மூச்சு விடக்கூடாது. அன்று அண்ணை மூன்று மணிநேரம் பேசினார். இரண்டு தரம் தண்ணீர் கேட்டார். அவர் பேசியது முழுவதையும் நான் என் வாயால் திருப்பிச் சொன்னேன். என்ன பேசினார் என்பதை இங்கேயும் எழுதப் போவதில்லை. வாசிப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தால் இருக்கட்டும். வாய் திறவாமல் இருந்ததால்தான் இத்தனை வருடம் எனக்கு வேலை கிடைத்தது.

சில வருடங்கள் கழித்து அவரை மறுபடி கண்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில், பிள்ளைகள் வெளியே வரும்வரை பெற்றோர் குளிரில் நின்றுகொண்டிருந்த நேரம். என்னைக் கண்டதும் அவருடைய முகம் வெளிறிப் போனது. நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "உங்கடை பிள்ளை எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டேன். அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அன்றைக்குத்தான் நாங்கள் முதல்முறையாகச் சந்தித்தோம் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம். ஊரும் அப்படியே நம்பியது. என் கணவரும் நம்பினார்.

நல்ல மனிதராகத்தான் இருந்தார். அதையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. அம்புலன்ஸ் வரத் தாமதம் என்றார்கள். அண்ணைக்குப் போன் பண்ணினேன். வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே காரை எடுத்துக்கொண்டு வந்தார். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை சிவப்பு விளக்குகளைப் பார்த்தாரோ தெரியாது. டொக்டர், "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்" என்று சொல்லி நிறுத்தினார். அதன் பிறகு தைப்பொங்கல், கலியாணம், விம்பிள்டன் கோயில் தேர் என்று எதிலும் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் போகும்.

போன வருடம் சங்கத் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்தது. வெளியாட்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஊரில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் கூரையே இரண்டு தரம் பறந்துவிட்டது, இங்கே லண்டனில் அதன் பழைய மாணவர்கள் தலைவர் பதவிக்கு மல்லுக்கட்டுகிறோம். ஆனால் எங்கள் சனத்துக்கு அது ஜனாதிபதித் தேர்தலுக்குக் குறைந்தது இல்லை. இலங்கையில் உண்மையான ஜனாதிபதித் தேர்தல் வந்தபோதும் அப்படித்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த ஆள் முன்பு என்ன வேலை பார்த்தவர், அந்த ஆளின் மேல் என்ன வழக்கு என்று ஊற்றின ரீ ஆறும்வரை கதைப்பார்கள். பழசெல்லாம் கிண்டி முடித்துவிட்டு, "எண்டாலும் இந்த முறை இவர்தான் வருவார்" என்பார்கள். பழைய கதை வெளியே வந்தால் வேட்பாளர் விழுந்துவிடுவார் என்று நான் அப்போது அப்பாவித்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணை தலைவர் பதவிக்குக் கேட்டார். கட்சி கட்டாமல், எல்லாரோடும் சிரித்துப் பேசுகிறவர் என்று பெயர் இருந்தது. அவருடைய அறிமுகத் தாளில் 'ஊரில் கணித ஆசிரியராகப் பணியாற்றியவர்' என்று போட்டிருந்தது. எதிர்த்து நின்றவர் ஒரு கணக்காளர். தங்கமான மனிதர், மைக்கைப் பிடித்தால் மட்டும் விடமாட்டார்.

கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் அண்ணை ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் கடைக்குப் போயிருந்தார். அண்ணை அந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

"தங்கச்சி, நீர்தான் என்னை முன்மொழிய வேணும்" என்றார்.

எங்கள் சங்கத்தில் முன்மொழிவது என்றால் சும்மா கையைத் தூக்குவது இல்லை. மேடையில் ஏறி, வேட்பாளர் எங்கே படித்தார், என்ன தொழில் பார்த்தார், எப்படிப்பட்டவர் என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். அதாவது அவருக்குப் பொறுப்பு நிற்க வேண்டும்.

"என்னாலை ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது? நீர் கூட்டிக் குறைச்சுக் கதைக்காத ஆள் எண்டு சனத்துக்குத் தெரியும். நீர் சொன்னா நம்புவினம். ஆரோ நான் எந்தப் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான் எண்டு கேட்டுக்கொண்டு திரியுறாங்கள்."

"வேறை ஆரையும் கேளுங்கோ. என்னட்டைக் கேக்காதேங்கோ."

குரொய்டன் அறைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த அறை மறுபடி வந்து நின்றது. அவர் தாளில் போட்டது பொய் என்று நான் நினைத்ததால் மறுத்தேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மெய் என்றாலும் மறுத்திருப்பேன். அந்த அறைக்குள் இருந்தவள் அந்த மனிதரைப் பற்றி வெளியே நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது. இதை அவருக்கு விளக்கியிருக்கலாம். விளக்கினால் அந்த அறையைப் பற்றிப் பேச வேண்டும். அவர் ரீயைக் குடிக்காமல் எழும்பிப் போனார். பழம் மேசையில் கறுத்துப் போகும்வரை கிடந்தது.

கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கியது. யார் எழுதியது என்று இல்லை. அண்ணை ஒருநாளும் ஆசிரியராக இருக்கவில்லை, அந்த வருடங்களில் அவர் ஓர் இராணுவ முகாமில் இருந்தார், அவர் ஒரு தலையாட்டி என்று அதில் இருந்தது. சுற்றிவளைப்பு நடக்கும்போது முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு, வரிசையில் வரும் ஆட்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுத்தவர்களை எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும். தலையாட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். பலர் திரும்பி வரவில்லை.

அது உண்மையா என்று என்னிடம் கேட்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன், இதுவே விதியை மீறுவதுதான், மீறினால் மீறிவிட்டுப் போகட்டும். அந்தச் செய்தியில் ஓர் ஊரின் பெயரும், ஒரு வாகனத்தின் நிறமும் இருந்தன. அவை இரண்டும் அந்த அறையில் பேசப்படவே இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் அவற்றைக் கேள்விப்பட்டேன். ஆகவே அந்தக் கதை என்னிடமிருந்து வந்திருக்க முடியாது. இது எனக்குத் தெரியும். எங்கள் சனத்தில் இன்னும் ஓர் ஆளுக்கும் இது தெரியும். அது அண்ணை.

கூட்டம் ஞாயிறு பின்னேரம், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தேவாலயத்து மண்டபத்தில். வழக்கமாக அரைவாசிக் கதிரை காலியாக இருக்கும். அன்று நிற்க இடமில்லை. மட்டன் ரோல்ஸ் அரை மணிநேரத்தில் முடிந்துவிட்டது. எல்லாரும் கையில் போனை வைத்துக்கொண்டு அண்ணை எப்போது பேசுவார் என்று காத்திருந்தார்கள். நான் நடு வரிசையில் கணவரோடு இருந்தேன். உண்மையைச் சொன்னால், அண்ணைக்காக எனக்கு மனம் பதைத்தது. இவர் இதை எப்படித் தாங்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

அண்ணை மேடைக்கு வந்தார். அந்தச் செய்தி பொய் என்று சொல்லவில்லை. உண்மை என்றும் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்தார். பிறகு குரல் தழதழக்கச் சொன்னார்:

"நான் இந்த நாட்டுக்கு வந்த நேரம் உடைஞ்சுபோய் வந்தனான். எங்களிலை ஆர்தான் அப்பிடி வரேல்லை? ஹோம் ஒஃபிஸிலை கதை சொல்லாத ஆக்கள் ஆராவது இஞ்ச இருக்கிறீங்களோ? நான் என்ரை கதையை ஒரேயொரு தமிழ் ஆளுக்கு முன்னாலைதான் சொன்னனான். ட்ரான்ஸ்லேற்றர் எண்டு நம்பிச் சொன்னனான். இண்டைக்கு அது கை, கால் முளைச்சு ஊரெல்லாம் திரியுது."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஆர் அண்ணை அது? பேரைச் சொல்லுங்கோ!" என்று கத்தினார்.

அவர் பெயர் சொல்லவில்லை. வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, என்னில் நிறுத்தி, ஒருதரம் தலையை ஆட்டினார்.

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. எழும்பி நின்று 'நான் சொல்லவில்லை' என்று கத்தியிருக்கலாம். கத்தினால், 'அப்ப சொல்ல ஏதோ இருக்கு' என்று ஆகிவிடும். 'அந்தச் செய்தியில் இருப்பது அந்த அறையில் பேசப்படாதது' என்றால், 'பேசப்பட்டது என்ன' என்ற கேள்விதான் அடுத்தது. அவர் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தார். நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. என் நேர்மையை என்னைவிட அவர்தான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார், அதை வைத்தே என்னை விழுத்தினார்.

கையைத் தூக்கி வாக்கெடுத்தார்கள். முகாமைப் பற்றிக் கேட்க வந்த சனம் என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டு அவருக்குக் கையைத் தூக்கியது. பெரும்பான்மை என்று எண்ணாமலே தெரிந்தது. பழைய கதை ஒருவரை விழுத்தாது, 'இதை வெளியே விட்டது யார்' என்று சனத்தைக் கேட்க வைத்துவிட்டால் போதும் என்பதை அன்று படித்தேன். என்னுடைய கை கைப்பையின் மேல் கிடந்தது. பக்கத்தில் என் கணவரின் கை மெதுவாக, தோள் உயரத்துக்கு எழும்பியது.

பஸ்ஸில் வரும்போது நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "அந்தாள் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை. என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?" இரண்டு பஸ் தரிப்பு கழித்து, யன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்: "உண்மையைச் சொல்லு, நீ ஆருக்கும் சொன்னனியே?"

முப்பத்திரண்டு வருடம் ஒரு கூரையின் கீழ் இருந்த மனிதர். அன்றைக்கு அழுதேன், அண்ணைக்காக இல்லை, இந்தக் கேள்விக்காக.

அதன் பிறகு மெல்ல மெல்ல வேலை குறைந்தது. யாரும் முறைப்பாடு கொடுக்கவில்லை. 'வேறு ஆள் இருந்தால் நல்லது' என்று தமிழ் ஆட்கள் கேட்கிறார்களாம், ஏஜென்ஸிக்காரப் பெண் காரணம் தெரியாமல் குழம்பினாள். கோயிலில் நான் போய் நின்றால் நடந்துகொண்டிருந்த பேச்சு நிற்கும். அண்ணை தூரத்தில் கண்டால் கும்பிடுவார். நான் திருப்பிக் கும்பிடுவதில்லை. அதையும் திமிர் என்கிறார்களாம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். மன்னாரிலிருந்து வந்து கொஞ்ச நாளேயான ஒரு பெண். கழுத்தில் சின்னச் சிலுவை. அக்காள் வீட்டில், தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறாள் என்று கோப்பில் இருந்தது. நான் வணக்கம் சொன்னதும் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானே அந்தச் சங்கத்துக் கதையிலை வந்த அன்ரி?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குரல் சின்னதாக இருந்தது, கோபம் ஒன்றும் இல்லை, பயம்தான். "குறை நினையாதேங்கோ அன்ரி. அவரிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு இந்த அன்ரி வேண்டாம். நான் இவவை நம்பேல்லை. நான் சொல்லுறது வெளியிலை போயிடும்."

சட்டத்தரணி பேனாவோடு என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. 'இந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வரட்டும்' என்று நான் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்காது. என் மானம் அந்த அறைக்குள்ளாவது மிஞ்சியிருக்கும்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னேன். 'எனக்கு இந்த அன்ரி வேண்டாம். நான் இவரை நம்பவில்லை. நான் சொல்வது வெளியே போய்விடும்.' அவரிடம் சொல்லச் சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

"அவ்வளவுதான்" என்றாள்.

அதையும் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.