ஏழு இத்தாலியக் கடைகளும் அண்ணனின் மூக்கும்

காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. பள்ளி ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். போனில் அண்ணி அழவில்லை. "உங்கண்ணன் மூணாவது மாடிப் படியில உக்காந்தாராம். அப்புறம் எழுந்திரிக்கவே இல்லையாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது நாள் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் அவனை அமைதியானவன், வாயில்லாப் பூச்சி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருக்கிறது. இத்தாலிய உணவகம் ஒன்றின் சமையலறை வாசலில் இவர்கள் யாரும் அவனைப் பார்த்ததில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் ஐந்தாவது மாடியிலிருந்த இத்தாலிய உணவகத்தின் சமையல்காரர் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மொட்டை மாடி இயந்திர அறைக்கு ஓடி, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அண்ணன்தான் அவரைக் கீழே இறக்கினான். வெளியே வந்தவர் இவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சமையலறையிலேயே உட்கார வைத்து ஒரு தட்டு ஸ்பகெட்டி போட்டார். ஆலிவ் எண்ணெய், பூண்டு, மிளகாய். வேறொன்றும் இல்லை.

"இதுல சீஸ் இல்ல, சாஸ் இல்ல. சமைக்கிறவன் ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல இதைக் கேளுங்க" என்றாராம்.

"நாங்களும் லிஃப்டை முதல்ல ஆளில்லாமத்தான் ஓட்டிப் பார்ப்போம். அதே கதைதான், டீச்சர்" என்று அண்ணன் என்னிடம் குதித்தான். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு நான் டீச்சர்தான்.

அன்று பிடித்தது பைத்தியம். மாதத்தின் முதல் ஞாயிறு நானும் அவனும் ஒரு புதுக் கடைக்குப் போவோம். "புழுவை முள்கரண்டியால சுருட்டித் திங்க எனக்குப் பொறுமை இல்ல" என்று அண்ணி கழன்றுகொண்டார். எவ்வளவு பெரிய கடையானாலும் அண்ணன் அந்த ஒரே பதார்த்தத்தைத்தான் கேட்பான். தின்று முடித்ததும் சமையலறை வாசலுக்குப் போய், சமைத்தவர் முகத்துக்கு நேராக ஒரு வரி தீர்ப்பு சொல்வான். முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது என்பது அவன் சட்டம். சுவரெல்லாம் கண்ணாடி பதித்த ஒரு கடையில், எண்ணெயைக் காணோம், தக்காளி சாஸில் நூடுல்ஸ் நீந்தியது. "உங்க கண்ணாடி பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வந்தான். நான்கே மேசை போட்ட ஒரு கடையிலோ, பூண்டு தேன் நிறத்தில் மின்னியது. அந்தச் சமையல்காரரைத் தேடிப்போய் ஒரு வரியும் வராமல் கைகுலுக்கிக்கொண்டே நின்றான்.

பிறகு பத்து நாள் காய்ச்சல் வந்தது. எழுந்தவன், விட்டுப்போனதை ஈடுகட்டுகிறேன் என்று வாராவாரம் கிளம்பினான். ஏழு வாரம், ஏழு கடை. ஏழும் மண் என்றான். ஒருவரிடம், "எண்ணெய்க்குப் பதிலா தண்ணியா ஊத்துனீங்க?" இன்னொருவரிடம், "இது நூடுல்ஸா, நூல்கண்டா?" எனக்கு அவற்றில் பல நன்றாகவே இருந்தன. சொன்னால், "உனக்கு சாக்பீஸை வேகவச்சுக் குடுத்தாலும் திம்பே" என்பான். வீட்டிலும் சோறு இறங்கவில்லை. "வெளிய தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு" என்று அண்ணி திட்டித் தீர்த்தார்.

செத்தது நாக்கில்லை என்று எட்டாவது வாரம் தெரிந்தது. இயந்திர அறையில் லிஃப்ட் பிரேக்கின் கம்பிச்சுருள் கருகிப் புகைந்து, அந்த நாற்றத்துக்கு இரண்டு மாடி கீழேயிருந்து காவலாளி கத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அண்ணன் அதற்கு நான்கடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, நிம்மதியாகத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை நேராக என்னிடம் வந்தான்.

"மூக்கு போச்சு, டீச்சர். எதுவுமே தெரியல."

"காய்ச்சல்ல போயிருக்கும்ணா. வந்துடும்."

"வரலைன்னா? கருகல் தெரியாதவன் லிஃப்டைத் தொடக்கூடாது. உள்ள ஆளுங்க இருப்பாங்க." விரல்விட்டு ஏழு எண்ணினான். "ஏழு பேர் மூஞ்சிக்கு நேரா என்னென்ன சொன்னேன்!"

மறுநாளே மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லி, அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்ளும் மேசைக்கு மாற்றிக்கொண்டான். வருமா வராதா என்று டாக்டருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. தினமும் இரண்டு வேளை காப்பித்தூள், எலுமிச்சை, கிராம்பு, பூண்டு, நான்கையும் முகர்ந்து பழகச் சொன்னார். ஐந்து மாதம் ஒரு வேளை தவறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கிண்ணங்களின் மேல் குனிந்திருப்பான். ஒன்றும் வராது. மூடி வைத்துவிட்டு மேசைக்குப் போவான்.

ஆறாவது மாதம், அவன் பிறந்தநாளன்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புதிதாகத் திறந்த ஒரு சின்னக் கடைக்கு நான்தான் வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். "எனக்கென்ன, வைக்கோலைப் போடச் சொல்லு" என்றபடி வந்தான். பரிமாறுகிறவர் தட்டோடு பாதி தூரம் வந்திருப்பார். அண்ணன் சட்டென்று நிமிர்ந்தான்.

"டீச்சர், ஏதோ கருகுது."

"எங்கே?"

"தட்டுலடி! பூண்டு! பூண்டு கருகிப்போச்சு!"

நான் ஒரு வாய் வைத்தேன். கசப்பு மண்டையில் ஏறியது. அவன் தட்டின் மேல் முகத்தைக் கவிழ்த்து இழுத்து இழுத்து முகர்ந்தான். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. நாற்காலி விழுந்ததைக்கூடப் பார்க்காமல் சமையலறைக்கு ஓடினான். தலையில் வலை கட்டிய ஓர் அம்மா அடுப்பருகே நின்றிருந்தார்.

"அம்மா! உங்க பூண்டு கருகிடுச்சும்மா!"

"மன்னிச்சுக்குங்க சார், வேற போட்டுத் தர்றேன்..."

"ஐயோ, தொடாதீங்க! யாரும் அதைத் தொடாதீங்க!"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"இப்பதாங்க சரியாச்சு" என்றேன்.

என் தட்டையும் சேர்த்துத் தின்றான். ஒரு துண்டு கரி மிச்சமில்லை. நடுவில் அண்ணிக்குப் போன் போட்டு, "கருகல் வாசனை வருது!" என்று கத்தினான். "அடுப்புல ஒண்ணுமே வைக்கலையே!" என்று அண்ணி பதறிச் சமையலறைக்கு ஓடியது போனிலேயே கேட்டது. இதுவரை சாப்பிட்டதிலேயே எது உசத்தி என்று அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அண்ணன் யோசித்ததே இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தின்ற அந்தக் கசப்புத் தட்டுதான்.

அடுத்த மாதமே இயந்திர அறைக்குத் திரும்பினான். திரும்பியதும் செய்த முதல் காரியம், அந்த ஏழு கடைகளுக்கும் மறுவிசாரணை. ஒவ்வொரு சமையலறை வாசலிலும் போய் நின்று, "தப்பு என் மூக்குல, உங்க சட்டியில இல்ல" என்று ஆரம்பிப்பான். முதல் கடைக்காரர் இடி விழுந்ததுபோல் பார்த்தார்.

"சார், நீங்க சொன்ன அன்னிக்கே நான் எண்ணெயை மாத்திட்டேனே!"

"பழைய எண்ணெய்க்கே போயிடுங்க" என்று அண்ணன் கெஞ்சினான். வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

நான்கு கடைகள் உண்மையிலேயே அருமை. ஐந்தாவதும் ஆறாவதும் மூக்கோடு சாப்பிட்டபோதும் மண்தான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாரு டீச்சர், மூக்கே இல்லாமச் சரியாச் சொல்லியிருக்கேன்!" என்று நடுத்தெருவில் நின்று சிரித்தான்.

ஏழாவது கடைக்கு, வரும் ஞாயிறு பகல் ஒரு மணிக்கு, இரண்டு பேருக்கு மேசை சொல்லி வைத்திருந்தான். அதை வேண்டாம் என்று சொல்ல நான் இன்னும் போன் செய்யவில்லை.